றோஸ் கையுறைக் கொரியாக்காரி

"உண்மையைச் சொல்லிப்போட்டு ஒரு மன்னிப்புக் கேளுமன். கொரியாக்காரர் உம்மைக் கடிச்சுத் தின்னவே போகினம்?" என்றான் ஜெராட், கொரிய உணவகத்துக்கு எதிரே காரை நிறுத்தியபடி.

"உங்களுக்கு எல்லாம் பகிடி! ரெண்டு வருஷமாய் என்னைக் கொரியாக்காரி எண்டெல்லோ அதுகள் நம்பிக்கொண்டிருக்குதுகள்." றொஷினிக்கு அழுகை வராத குறை.

நம்பாமல் என்ன செய்வார்கள்? அவளுடைய இன்ரநெற் லைவில் முகம் ஒருநாளும் வந்ததில்லை. வெட்டுப்பலகையும், றோஸ் நிற ரப்பர் கையுறை போட்ட இரண்டு கைகளும்தான் வரும். நாடகம் பார்த்துப் பழகிய கொரிய மொழியில் தன்பாட்டுக்கு அலட்டிக்கொண்டு கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோவா இலை வெட்டுவாள், அவ்வளவுதான். கலியாணம் கட்டிக் கனடாவுக்கு, மொன்றியலை ஒட்டிய லொங்குய்ய்க்கு வந்த முதல் பனிக்காலத்தில், ஜெராட் துறைமுக வேலைக்குப் போனபின் சுவரோடு கதைக்காத குறையாக இருந்தபோது தொடங்கிய விளையாட்டு அது. தமிழில் செய்யலாந்தான். ஆனால் எங்கட சனம் கண்டால் விடுமா? ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வருவதற்குள், "ஜெராட்டின்ர மனிசி இன்ரநெற்றில நிக்கிறாவாம்" என்று கதை மூன்று சுற்றுச் சுற்றிவிடும்.

அந்தக் கோவா வெட்டலைப் பார்க்கவும் நாலு பேர் வந்தார்கள். கரடிக்குட்டி, வெள்ளை முயல், பனித்துளி, கடலை. உண்மைப் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்கள் கொரிய எழுத்தில் எழுத, அவள் வாயால் பதில் சொல்லுவாள். அவளுடைய கொரியனில் ஒருநாளும் ஒருவரும் பிழை பிடித்ததில்லை. அவ்வளவு தங்கமான மனிதர்கள். பிரெஞ்சுச் சோதனையில் கோட்டை விட்டுவிட்டு, வெங்காயத்தைச் சாட்டி அவள் அழுத அன்று, "நானும் பெயில்தான்" என்று முதலில் எழுதியது கரடிக்குட்டி. மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் தங்கள் பெயில் கதைகளை அவிழ்த்துவிட, அவள் வயிறு நோகச் சிரித்தாள்.

எல்லாரும் மொன்றியலில்தான் இருக்கிறார்கள் என்று போன மாதம் தெரியவந்தது. "சந்திப்போமா?" என்று வெள்ளை முயல் கேட்க, இவளும் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் ஓம் என்றுவிட்டாள். இப்போது கார்க்கதவைத் திறக்க மனம் வரவில்லை. ஏமாற்றுக்காரி என்று எழும்பிப் போய்விட்டால்? இந்த ஊரில் அவளுக்கென்று இருக்கிற சிநேகிதர்களே அந்த நாலு பேர்தானே!

உள்ளே போனால் மேசைகளில் ஒரு கொரியரையும் காணோம். ஜன்னலோரம் தனியாக இருந்தவரைக் கண்டதும் அவள் கதவுப்பக்கம் திரும்பப் பார்த்தாள். கோயில் சபைத் தலைவர் பத்திநாதர்! "எங்கட பிள்ளையள் கொரியன் நாடகம் பாத்துக் கெட்டுப்போகுதுகள்" என்று ஒலிவாங்கியைப் பிடித்து முழங்குகிற அதே பத்திநாதர்.

"அட, பிள்ளை! நீரோ?" அவருக்கும் முகம் வெளிறிவிட்டது. "நான் சும்மா... பாத்ரூம் போக வந்தனான்."

"நானும் சும்மாதான் அங்கிள். பார்சல் எடுக்க."

"அப்ப எடுத்துக்கொண்டு கெதியா வெளிக்கிடும். பனி கொட்டப்போகுதாம்."

"நீங்கள் முதல்ல வெளிக்கிடுங்கோ அங்கிள். வயசான ஆள், வழுக்கும்."

இருவரும் வெளிக்கிடவில்லை; அவளும் ஒரு மேசையில் இருந்துகொண்டாள். மூலையில் சேலைக்கடை இந்திராதேவி மெனு அட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கதவடியில் இன்னும் இரண்டு தமிழ் முகங்கள், ஆளுக்கொரு மேசையில். மாதாவே, இவையளுக்கு இண்டைக்கெண்டு பார்த்தா கொரியன் சாப்பாட்டில ஆசை வந்தது!

கொரியர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களோ என்ற பயம் வெட்கத்தை வென்றது. கையுறைதான் அடையாளம் என்று பேச்சு. வாறது வரட்டும் என்று கைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு றொஷினி எழுந்து நின்றாள்.

பத்திநாதர் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, இடுப்பு வரை குனிந்து, "அன்யோங்ஹாசேயோ" என்று கொரிய மொழியில் வணக்கம் சொன்னார். "நான்தான் பிள்ளை... கரடிக்குட்டி."

"ஐயோ கடவுளே, நான் வெள்ளை முயல்!" மெனு அட்டை கீழே விழுந்தது.

"பனித்துளி!" "கடலை!" என்று கதவடியிலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன.

எங்கட சனத்துக்கு ஒளித்து ஓடிய ஐந்து பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்த சிரிப்பில் கடை அதிர்ந்தது. மேசைகளை இழுத்துச் சேர்த்துப்போட்டு இருந்தார்கள். அந்தக் கடையிலிருந்த ஒரே கொரியப் பெண், பரிமாறுகிறவள், சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்து கொரிய மொழியில் மளமளவென்று ஏதோ கேட்டாள்.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை.

கடைசியில் பத்திநாதர்தான் றொஷினியின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "பாவம், இந்தப் பிள்ளைக்குக் கொரியன் சரியா வராது போல கிடக்கு."