சுந்தரிக்கு நீங்கள் செய்தது

அந்த இன்லண்ட் லெட்டரைப் படித்து முடித்தபோது சூப்பர்வைசர் சம்பத்துக்கு டீ இறங்கவில்லை.

‘ஐயா, என் மகள் சுந்தரிக்கு நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் எழுதியிருக்கிறாள். உயிருள்ளவரை மறக்கமாட்டேன். சனிக்கிழமை நேரில் வருகிறேன். இப்படிக்கு, ஜெயம்மாள், ஆலங்காயம்.’

சுந்தரி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை பார்த்தவள்; தங்கியது கம்பெனி ஹாஸ்டலில். இருபத்தோரு வயது. போன மாதம் ஒருநாள் காய்ச்சலும் தலைசுற்றலுமாக வந்து லீவு கேட்டாள்.

“ஆர்டர் நிக்குது, இப்ப இன்னா லீவு? கம்பவுண்டர் சீட்டு குடுத்தா போ” என்றார் சம்பத். சீட்டு கிடைக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து தண்டவாளத்தைத் தாண்டும்போது, ரயில் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

போலீஸ் கேட்டபோது, “நல்லாத்தான் சார் இருந்தா, சிரிச்சிக்கினே போனா” என்று சொல்லிவைத்தார். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இப்போது, செத்தவளே எழுதிய சாட்சியோடு தாய்க்காரி வருகிறாள்!

கம்பெனி மருந்தகத்துக் கம்பவுண்டர் பரந்தாமனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். “ஆலங்காயத்துலேர்ந்து தபால் ஏதாச்சும் வந்துதா?”

“எனக்கா? இல்லியே” என்ற பரந்தாமன், ஏனோ சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட ஹாஸ்டல் வார்டன் சந்திராவோ, இவரைக் கண்டதும் கத்திரிக்காயைப் பாதியில் போட்டுவிட்டு நடையைக் கட்டினாள்.

சம்பத் முடிவெடுத்தார். முந்திக்கொள்கிறவன்தான் பிழைப்பான். தன் பெயர் ஓரிடத்திலும் வராதபடி நான்கு தடவை திருத்தி எழுதிய மனுவோடு, சனிக்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷன் படியேறினார்.

பெஞ்சில் பரந்தாமன் இருந்தார். அவர் பக்கத்தில் சந்திரா. இருவர் கையிலும் ஆளுக்கொரு மனு.

சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி மூன்றையும் வரிசையாகப் படித்தார்.

“கம்பவுண்டர் பேப்பர்லேர்ந்து தலைய தூக்காமயே ‘உடம்பு சரியா இருக்கு’ன்னு எழுதினாராம். இது சூப்பர்வைசர் குடுத்தது. அன்னிக்கி காலையில படுத்துக் கெடந்தவள வார்டன்தான் எழுப்பி வெளிய அனுப்பிச்சாங்களாம். இது கம்பவுண்டர். கெஞ்சியும் லீவு தராதது சூப்பர்வைசராம். இது வார்டன். ஏன்யா, போன மாசம் மூணு பேரும் ‘நல்லாத்தான் இருந்தா’ன்னீங்களே?”

மூவரும் ஒருவர் மனுவை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“நான் தேடி அலைய வேண்டிய சாட்சியெல்லாம் தானா நடந்து வந்திருக்கு. ஒக்காருங்க” என்று அவர் பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

அப்போது இடுப்பில் கூடையோடு ஓர் அம்மாள் வாசலில் தயங்கி நின்றாள்.

“ஆலங்காயம் ஜெயம்மாளுங்க. சுந்தரியோட அம்மா. அவ லெட்டர்ல எழுதின அந்த மூணு பேரும் இங்கதான் இருக்காங்கன்னு கம்பெனி வாட்ச்மேன் சொன்னாரு.”

சம்பத் தரையைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“பயப்படாம சொல்லும்மா. பொண்ணு லெட்டர்ல இன்னா எழுதினா?”

ஜெயம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காய்ச்சல்னா சூப்பர்வைசர் ஐயா ஒடனே லீவு குடுப்பாராம், கம்பவுண்டர் ஐயா கூடவே ஒக்காந்து மருந்து குடுப்பாராம், வார்டன் அம்மா கஞ்சி வெச்சி ஊட்டுவாங்களாம், எம் பொண்ண அப்பிடிப் பார்த்துக்கினவங்களுக்கு நாலு சீதாப்பழமாச்சும் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன் சாமி.”