லேசாகிப் போன விசை

விளையாட வருகிறவர்கள் சாயக் குண்டு சுடும் அந்தப் பெயிண்ட்பால் துப்பாக்கியின் விசையை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். "அம்மாடி, கல்லு!" என்று அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு விரலுக்காவது தன்னைப் பிடிக்காதா என்று விசை ஏங்கியது.

"எல்லாம் உங்களாலதான் அண்ணே," என்றது, காற்றழுத்தத்தைக் கட்டிக்காக்கும் திருகிடம். "இந்தத் தள்ளு தள்ளினா நான் கல்லாகாம என்ன செய்வேன்? கொஞ்சம் தளருங்களேன்."

"தளர்ந்தா, குண்டைச் சுட்ட உள்சுத்தியலை அடுத்த குண்டுக்காகப் பின்னால தள்ளக் காத்துக்குத் தெம்பிருக்காதுடா தம்பி."

"ஆமா, உங்களாலதான் உலகமே ஓடுது!"

நாள் தவறாத நச்சரிப்பில் மனம் நொந்து, திருகு ஒரு சுற்றுத் தளர்ந்தது.

அன்று வந்த மேகலை அழுத்திப் பார்த்தாள். "ஐ, பஞ்சு!" என்று களத்துக்கு எடுத்துப் போனாள். விசை பூரித்துப் போனது. முதல் குண்டு பாய்ந்தது. அதோடு சுத்தியல் பின்னால் திரும்ப முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டது; அடுத்த குண்டு கிளம்பவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தவள், எதிரணியின் சிவப்புச் சாயம் நெஞ்சில் வழிய, துப்பாக்கியைப் புல்லில் எறிந்துவிட்டுப் போனாள்.

"அண்ணே, பழையபடி இறுகிக்கோங்க."

"தளர என்னால முடிஞ்சுது. இறுக ஒரு கை வேணுமேடா."

புல் நுனி பட்டாலே அசைகிற அளவுக்கு லேசாகிக் கிடந்தது விசை. விரல்தான் எதுவும் வரவில்லை.