அறைக்குச் சொந்தக்காரர்

எழுவைதீவின் இணைய அரட்டை அறையில் படகோட்டி மரியநாயகம் வைத்ததுதான் சட்டம். ஆளில்லாத அறைக்குள் முதலில் நுழைகிறவருக்கே அதிகாரம். கரண்ட் போனால் எல்லாரும் அறுபட்டு அறை காலியாகிவிடும்; திரும்பி வந்ததும் உள்ளே நுழைகிற முதல் ஆள் அவர்தான். படகை ஏன் நேரத்துக்கு முந்தி எடுத்தீர்கள் என்று கேட்டதற்காக, முகம் தெரியாத 'கடற்காகம்' என்பவரை வெளியே தள்ளிக் கதவையும் சாத்திவிட்டார்.

சனசமூக நிலையத்தில் கணினி பார்க்கும் ஜொய்சி, அந்த அறையை நடத்தும் சேர்வருக்குப் புதிய மென்பொருள் நிறுவிக்கொண்டிருந்தாள். மரியநாயகம் போனும் கையுமாகப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“பிள்ளை, இதைப் போட்டால் அறையை ஒராளின்ர பேரில பதியலாமோ?”

“ஓம் அண்ணை. பதிஞ்சால் கரண்ட் போனாலும் அறை அந்த ஆளுக்குத்தான். வேற ஆக்கள் பிடிக்கேலாது.”

“அப்ப சாகுமட்டும் நான்தான் ராசா! கெதியாப் போடும்.”

“சேர்வரை ஒருக்கா நிப்பாட்டி எழுப்பவேணும். எல்லாரும் அறுபடுவினம், நீங்கள் சாத்தின கதவும் திறபட்டிடும்.”

“அறுபடட்டும்! முந்திறதில என்னை ஆர் வெல்லுறது?”

ஜொய்சி சேர்வரை நிறுத்தி எழுப்பினாள். விறுவிறுவென்று ஏதோ தட்டினாள். மரியநாயகத்தின் போன் சுற்றிச் சுற்றி, ஒருவழியாக அறையைத் திறந்தது. சிரிக்கப் போனவரின் வாய் அப்படியே நின்றது.

“பிள்ளை, ஆரோ எனக்கு முந்தி வந்து அறையைப் பதிஞ்சிட்டாங்கள்!”

“ஓம் அண்ணை. சேர்வருக்குப் பக்கத்தில இருக்கிற ஆளுக்கு வழி கிட்டத்தானே.”

மரியநாயகம் போனைப் பார்த்தார். அறையின் உரிமையாளர்: கடற்காகம்.

“பயப்பிடாதேங்கோ, உங்களை வெளியில தள்ளமாட்டன்,” என்றாள் ஜொய்சி. “இப்ப சொல்லுங்கோ, படகை ஏன் முந்தி எடுத்தனீங்கள்?”