பெட்டி இறங்கிய வீடு

பெட்டி கூரைமேல் கிடந்தது. வாசலில் சாவு.

பிரபாகரன் பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நின்றான்.

விடிந்தும் விடியாமலும் விருத்தாசலத்துக்கு வெளியே அவன் பலூனில் கட்டிப் பறக்கவிட்ட தெர்மாகோல் பெட்டி அது. உள்ளே ஒரு வீடியோ கேமரா, ஒரு பழைய செல்போன். மேகங்களுக்கெல்லாம் மேலே போய், பலூன் வெடித்ததும் பாராசூட்டில் இறங்கும். இறங்கிய இடத்தைச் செல்போன் சொல்லும்.

மதியம்வரை அது வாயே திறக்கவில்லை.

பீங்கான் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு முடித்து நேராகப் பலூன் விடப் போனவன், கம்மாபுரத்தைச் சுற்றி வயல்வயலாக அலைந்து, இடுப்பு விட்டுப்போய் இங்கே வந்து சேர்ந்திருந்தான்.

பந்தலுக்கு வெளியே நின்ற ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்னாடி ஏணி இருக்குது. சத்தமில்லாம எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

ஏறினான். ஓரத்தில் நாலைந்து ஓடுகள் சரிந்து கிடந்தன. பெட்டியையும் பாராசூட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினான்.

திரும்பும்போது பந்தலுக்குள் ஒரு கிழவி, இறந்தவரின் தங்கை பாஞ்சாலை, மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடு மாத்து, ஓடு மாத்துன்னு நச்சரிச்சே எங்கண்ணன மேல ஏத்திக் கொன்னுட்டியேடி!"

இறந்தவரின் காலடியில் மருமகள் பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள். தான் காலையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

பிரபாகரன் மரத்தடிக்கு வந்து, கேமராவின் கார்டைத் தன் போனில் போட்டுப் பார்த்தான்.

கறுத்த வானம். அதன் கீழே வளைந்த நீலக்கோடு. மூன்று பலூன்களைத் தொலைத்துவிட்டு, நான்காவதில் கிடைத்த படம். சந்தோஷப்பட உடம்பில் தெம்பில்லை.

கடைசிப் பகுதிக்குத் தள்ளினான். வயல், தென்னை, ஓடு. பிறகு அசைவில்லை.

அப்புறம் கூரை ஓரத்தில் ஒரு தலை எழும்பியது. நரைத்த தாடி, பொக்கை வாய். அவர் ஓட்டின்மேல் தவழ்ந்து வந்து, பெட்டிமேல் எழுதியிருந்த 'கிடைத்தால் தெரிவிக்கவும்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரித்தபடி என்னவோ சொன்னார். பந்தலில் அடித்த மேளச் சத்தத்தில் பிரபாகரனுக்குக் கேட்கவில்லை.

கையை நீட்டினார்.

ஓடு சரிந்தது. அதற்கப்புறம் வெறும் வானம்.

பிரபாகரன் போனைச் சட்டைப்பையில் செருகினான். பைக்கில் ஏறி உட்கார்ந்தான். கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சாவியைத் திருப்பினான்.

பந்தலுக்குள் பாஞ்சாலையின் குரல் இன்னும் ஓயவில்லை.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மேளக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். பாஞ்சாலையின் முன்னால் குந்தினான்.

"அம்மா, அவங்க ஏத்திவுடலைங்க. இந்தப் பெட்டிய எடுக்கத்தான் பெரியவரு மேல ஏறியிருக்காரு. பெட்டி என்னுதுங்க."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினான். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

சின்னத் திரையில் அண்ணன் தவழ்ந்து வந்தார். படித்தார். சிரித்தார். இம்முறை குரல் கேட்டது. பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பாவம், எவனோ இதத் தேடிக்கிட்டு அலையப்போறான்."

பாஞ்சாலை அந்த முகத்தை விரலால் தொட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு போனைப் பூர்ணிமாவின் கையில் கொடுத்தாள்.

பிரபாகரன் அதை மறுபடி ஓடவிடவில்லை.