வெள்ளிக்கிழமை பிரெஞ்சு விருந்து

உலகச் சமையல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு: நார்வேயின் நாம்சோஸ் நகரில், துறைமுகத்தை ஒட்டிய உணவகத்தில், பிரான்சின் லியோனில் பயின்ற தலைமைச் சமையற்கலைஞர் பாஸ்தியன் ரூவியே வழங்கும் வெள்ளிக்கிழமை பிரெஞ்சு விருந்து சற்றுமுன் தொடங்கிவிட்டது.

விருந்தாளிகள் யாரும் வரவில்லை.

போன வாரமும் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒருவர் வந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாஸ்தியன் லேசுப்பட்டவர் அல்ல. லியோனில் முதல் வருடம் முழுக்க வெங்காயம் உரித்தவர். சாஸ் திரிந்துபோனதற்காகத் தலையில் கரண்டியால் அடி வாங்கியவர். அங்கே தலைமைச் சமையற்காரரை ‘ஷெஃப்’ என்று மட்டும்தான் அழைக்கலாம். தும்முவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

இங்கே பாத்திரம் கழுவுகிறவரே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

“பாஸ்தியன், நான் கிளம்பறேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல? வீட்ல டாக்கோ” என்று, பரிமாறும் யோர்டிஸ் அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஊரே டாக்கோ தின்னும். மெல்லிய ரொட்டியில் பாக்கெட் மசாலா போட்டு வதக்கிய கொத்துக்கறி, டப்பா சோளம், மேலே ஒரு கரண்டி புளிப்பு கிரீம். மெக்சிகோக்காரர் பார்த்தால் வழக்குப் போடுவார். ஆனால் அதைச் சொந்த வீட்டில், சொந்த சோபாவில், சொந்தக் குடும்பத்தோடுதான் தின்ன வேண்டும். வெளியாளைக் கூப்பிடும் வழக்கமில்லை.

ஒரே ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது பாஸ்தியனுக்கு. பாராட்டுகூட வேண்டாம். இன்னொருவர் மெல்லும் சத்தம் கேட்டால் போதும்.

கதவு திறந்தது.

பக்கத்துத் தெரு டோருன். தொப்பியெல்லாம் பனி.

பாஸ்தியன் பாய்ந்துபோய் ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஐயோ, உட்கார நேரமில்ல பாஸ்தியன்! புளிப்பு கிரீம் வாங்க மறந்துட்டேன். கடையிலயும் தீர்ந்துபோச்சாம். பிள்ளைங்க தட்டைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க. உங்ககிட்ட கொஞ்சம் இருக்குமா?”

அவர் நாற்காலியைப் பழையபடி உள்ளே தள்ளினார். அடுக்களைக்குப் போனார். திரும்பி வரச் சற்று நேரமானது.

கையில் ஒரு டப்பா. மூடி திறந்திருந்தது.

“அட, நாங்க வாங்கற அதே டப்பா! பிரெஞ்சு சமையல்லயும் இதத்தான் போடுவீங்களா?”

“சில சாஸுக்கு” என்றார் பாஸ்தியன், மோவாயைச் சற்றே உயர்த்தி.

“பிழைச்சேன், போங்க!” என்று டப்பாவை வாங்கிக்கொண்டு டோருன் ஓடினாள். தெருமுனையில் அவள் திரும்பும்வரை அவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேசை மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார்.

அடுக்களைக்குப் போய், நின்றபடியே, தன் டாக்கோவைக் கிரீம் இல்லாமல் தின்றார்.