மனோவாவின் பங்கு

மாலை வெயில் வராந்தாவில் காலை நீட்டிக் கிடக்கிறது. செத்துப்போன கணவன் மனோவா தகர டின்னில் நட்டுவைத்த மிளகாய்ச் செடியின் முன்னால் லித்தியானா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். இலைகளெல்லாம் ஈரத்துணிபோலத் தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று மண்ணில் விரலை விட்டால் சொதசொதவென்று இறங்குகிறது. முகர்ந்து பார்க்கிறாள். போதை தரும் யாங்கோனா வேர்ச்சாற்றின் வாசனை. பாயில் யாங்கோனாச் சட்டியைச் சுற்றிக் குடித்துக்கொண்டிருக்கும் மனோவாவின் கூட்டாளிகள் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். "தினம் அவன் பங்கைச் செடிக்குத்தான் ஊத்துறோம் அண்ணி," என்கிறான் அபிசாய். "உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான் ஊத்தி ஊத்தித் தலைய தொங்க வச்சீங்க," என்று சொல்லிக்கொண்டே டின்னைச் சாய்த்துச் செடியை உருவுகிறாள். அழுகிய வேர்களைக் கிள்ளி எறிகிறாள். வெள்ளையாக இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, காய்ந்த மண்ணில் நட்டு, நிழலுக்கு நகர்த்துகிறாள். அபிசாய் பழக்கதோஷத்தில் மனோவாவின் சிரட்டையை நிரப்பிவிட்டு, எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். லித்தியானா கையைக் கழுவிக்கொண்டு வருகிறாள். பாயில் கணவன் உட்காரும் மூலையில் உட்கார்ந்து, குடிக்கும் முன் அவன் செய்வதுபோலவே உள்ளங்கைகளைக் குழித்து ஒரு தட்டுத் தட்டி, சிரட்டைக்குக் கையை நீட்டுகிறாள்.