திரும்பி வந்த இரத்தப் பை

"இன்னொரு தடவை அமத்துங்க" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு ருஷ்தா திரையைப் பார்த்தாள். கையிருப்பிலிருந்து இரத்தப் பை ஒன்று கழிந்தது. கண் இமைப்பதற்குள் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

கண்டியிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கிக்கு மென்பொருள் செய்துகொடுத்தது, பல்லேகலயில் இருக்கும் ருஷ்தா வேலை செய்யும் சின்ன அலுவலகம். கையிருப்பிலிருந்து பையைக் கழிப்பதையும், அதன் குரூப்பை நோயாளியின் குரூப்போடு ஒத்துப்பார்த்து அவரது பதிவில் ஏற்றுவதையும் போன வாரம்தான் அவள் ஒரே ட்ரான்ஸாக்ஷனாகக் கட்டியிருந்தாள். நடந்தால் இரண்டும் நடக்கும். ஒன்று தவறினால் இரண்டும் ரத்தாகும்.

மறுமுனையில் இரத்த வங்கியில் வேலை செய்யும் ரவிகுமார் அவசரப்படுத்தினார். பிரசவமான சந்திரிகாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லையாம். நோயாளி எண் உள்ள கைப்பட்டியை ஸ்கேன் பண்ணி ஒப்பரேஷன் தியேட்டரில் இரத்தம் கேட்டிருக்கிறார்கள். பதிவு விழாமல் லேபிள் வராது, லேபிள் இல்லாமல் பையை வெளியே விட முடியாது. கணினியில் சந்திரிகா என்ற பேரைப் பார்த்துத்தான் பி பொசிட்டிவ் எடுத்ததாகவும், தன் பக்கம் பிழையே இல்லை என்றும் அவர் அடித்துச் சொன்னார்.

அலுவலகத்தை நடத்தும் சுமன் அவளது கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பழைய கோட் இத்தனை வருடமாக இப்படி மக்கர் பண்ணியதில்லை என்றார்.

"ட்ரான்ஸாக்ஷனைக் கழட்டிடு. பை போகட்டும், பதிவைப் பிறகு பார்ப்போம்."

அழிக்க வேண்டியது சில வரிகள்தான். தான் எழுதிய வரிகளால் ஒரு தாய் செத்துப்போவாளோ என்று நினைத்து ருஷ்தா அழிக்கும் விசையில் விரலை வைத்தாள். ஆனால் இடறுவது இரண்டாவது வேலையில், நோயாளியின் எண்ணுக்கு வந்ததும். ஏன் என்று திரை சொல்லவில்லை. அப்படிச் சொல்லும்படி அவள் எழுதவும் இல்லை.

விரலை எடுத்துக்கொண்டாள். தியேட்டருக்குப் பேசி, கைப்பட்டியில் உள்ள எண்ணை வாசித்துக் கேட்கும்படி ரவிகுமாரிடம் சொன்னாள்.

"உசிரு போனா நீயா பதில் சொல்லுவே?" என்றார் சுமன்.

மறுமுனையில் தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு யாரோ ஓடும் சத்தம். சற்றுப் பொறுத்து, ஓ குரூப் பையை எடுக்கச் சொல்லி ரவிகுமார் யாரையோ விரட்டுவது கேட்டது. அதன் பிறகே அவர் தொலைபேசிக்கு வந்தார்.

"மிஸ், தியேட்டர்ல இருக்கிறது வேற சந்திரிகா."